எரிஞ்சு அடங்கும்

மெல்ல, மெல்ல, இன்னும் மெல்ல என்று தன்னையே தாஜா பண்ணிக்கொண்டுதான் செண்பகவல்லி அந்த ரோஸ் நிற டப்பில் உட்கார்ந்தாள். ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது, இன்னொரு கை சுவரில். தண்ணீர் தொட்ட கணம் உடம்பு மொத்தமும் விறைத்துக்கொண்டது, பல்லைக் கடித்தாள், அப்புறம் அந்த இளஞ்சூடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க, இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விரல் விரலாகப் பிடியை விட்டது. அம்மாடி. இந்தச் சுகத்துக்கு எத்தனை பொய். டப்பு எதற்கென்று அப்பா கேட்டதற்குத் துணி நனைக்க என்றாள். அப்பாவும் பஜாருக்குப் போய் அகலமாக, கனமாக, 'நல்லா உழைக்கும்மா' என்று வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். வெளியே முன்அறையில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. இன்றைக்குப் பிள்ளைக்குத் தொட்டில் போடுகிறார்கள். சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் கிளம்பியாகிவிட்டது. வந்ததும் மணையைப் போட்டு, பிள்ளையை மடியில் கொடுத்து, அவளைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வார்கள். மரப்பலகை. கட்டைப் பலகை. அதில் உட்கார்ந்து ஒவ்வொருத்தராக வந்து வளையல் போட்டு, சந்தனம் தடவி, காப்பரிசி அள்ளிக் கொடுத்து, போட்டோ எடுத்து முடிகிற வரை சிரித்த முகமாக இருக்க வேண்டும். நினைக்கும்போதே தண்ணீருக்குள் உடம்பு சுருக்கென்று இழுத்துக்கொண்டது. முடியாது. என்னால் முடியவே முடியாது. முடியாது என்று யாரிடம் சொல்ல? என்னத்தைச் சொல்ல?

அந்த வார்த்தையை வாயால் சொல்வதற்கே கூசுகிறது அல்லவா, அதுதான் பிரச்சினை. காலேஜுக்குப் போகிற காலத்தில் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். அவளும் கூட்டாளிகளும் அதைப் பார்த்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யாராவது கிளாஸில் நெளிந்து உட்கார்ந்தால் போதும், 'என்னப்பா, நோட்டீஸ் நம்பருக்குப் போன் போடட்டுமா' என்று கேலி. சிரித்தாயல்லவா, இப்போது அனுபவி என்று யாரோ சொல்வது போலிருந்தது. சீ, யாரும் சொல்லவில்லை, தானாகச் சொல்லிக்கொள்வதுதான். பிரசவத்தில் முக்கு முக்கு என்று எல்லாரும் கத்த, உயிரைக் கொடுத்து முக்கினாள், பிள்ளை வந்தது, கூடவே இதுவும் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கழுவும்போது விரலில் தட்டுப்பட்டது, திராட்சைப் பழம் அளவில், தொட்டால் உயிர் போகிற மாதிரி. குடல்தான் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அம்மா இல்லாமல் வளரப் போகிறாயே என்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. தையலைப் பார்க்கக் கூப்பிட்ட அன்று அம்மா மருந்துக் கடையில் நின்ற நேரமாகப் பார்த்து டாக்டரம்மாவிடம் சொன்னாள். சொன்னாளா, முனகினாள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, 'இதுக்குத்தானா முகம் இப்படி இருக்கு? வெளிமூலம்மா. பிள்ளை பெத்தவங்க நெறைய பேருக்கு வரும். பெரும்பாலும் தானா வத்திரும், அதுவரைக்கும் அதைக் கோபப்படுத்தாம வெச்சுக்கணும், அவ்வளவுதான்' என்றார். கோபப்படுத்தாமல்! அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப் போனது. அதற்கப்புறம் அதை வீட்டுக்கு வந்த முன்கோபக்கார விருந்தாளி மாதிரிதான் நினைத்துக்கொள்கிறாள். இருங்க ஐயா, கோவிச்சுக்காதீங்க, இதோ வெந்நீர்.

வெந்நீர் என்றால் வெந்நீர் இல்லை, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு, முழங்கையை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் வெறும் தண்ணீர் மட்டும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, வெளிக்கிருந்துவிட்டு வந்தால் கட்டாயம். சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டவே வேண்டாம். தேய்க்கக் கூடாது, மெத்தென்ற பருத்தித் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். கக்கூஸில் போய் முக்கிக்கொண்டு கிடக்கக் கூடாது, வந்தால் வரட்டும், வராவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கீரை, காய், பழம். இதில்தான் வந்தது வினை. அம்மாவின் சட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரே ஆகாது. நாக்கு நனைகிற அளவுக்கு அரை டம்ளர் சுக்குத் தண்ணீர், அதுவும் கணக்குப் பார்த்து. நிறையக் குடித்தால் வயிறு தொங்கிப் போகுமாம், பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். கீரை குளிர்ச்சி, பழம் குளிர்ச்சி, வாழைப்பழமா, ஐயோ, பச்சை உடம்புக்காரிக்கு வாழைப்பழமா! பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு, மருந்து உருண்டை, காய்ந்து போன சோறு. பால் கொடுத்துக் கொடுத்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் பிள்ளை உறிஞ்சிக்கொள்கிறது, வயிற்றில் இருப்பதெல்லாம் கல்லாகிறது. காலையில் கக்கூஸ் கதவைப் பார்த்தாலே அவளுக்குக் கை வேர்க்கும். பரீட்சைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை. நேற்று முன்தினம் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. பளிச்சென்ற சிவப்பு. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"ஏட்டி செண்பகம், இன்னுமா உள்ள இருக்க? வேனு நாலாட்டின்புத்தூரத் தாண்டிருச்சாம், மாப்பிள போன் பண்ணிட்டாரு."

"வாரேம்மா. கொஞ்ச நேரம்."

"இன்னொரு வாளி வெந்நி உள்ளயே வெச்சிருக்கேன், எடுத்துக்கோ. என்னட்டி சத்தத்தையே காணோம்? ரொம்ப வலிக்கா?"

"தையல்தாம்மா. ஒண்ணுமில்ல."

வெளியே அம்மா நின்றுகொண்டே இருந்தாள். போகவில்லை. வளையல் கதவில் உரசுகிற சத்தம். அப்புறம், குரலைத் தணித்து, கதவு இடுக்கில் வாயை வைத்துச் சொன்னது மாதிரி, "நல்லா சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவிரு. மொதல்ல எரியும். எரிஞ்சு அடங்கும்" என்றாள். அப்புறம் காலடிச் சத்தம் அடுப்படிப் பக்கம் போனது.

எரிஞ்சு அடங்குமாம். எரிந்ததுதான், அடங்கவில்லையே. முதல் வாரம் முழுக்க அதைத்தானே செய்தாள். அழுக்கினால் வந்தது என்று நினைத்து, அசிங்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கிவிடலாம் என்று நினைத்து, சோப்பும் டெட்டாலும் துண்டுமாக. மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி எரியும், எரிய எரிய சுத்தமாகிறது என்று ஒரு நம்பிக்கை. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தோல் உரிஞ்சு வழண்டு போயிருக்கேம்மா, அது என்ன பாத்திரமா என்றார். சோப்பை நிறுத்திய பிறகுதான் ஒரு மாதிரி தணிந்திருக்கிறது. இப்போது தண்ணீருக்குள் அது தூங்குகிறது. தூங்கட்டும். மணையில் உட்கார்ந்ததும் எழுந்துகொள்ளும். மதினி பார்ப்பாள். வீட்டுக்காரரின் அக்கா, சொர்ணம் மதினி, அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. 'என்ன செண்பகம், ஊசி மேல உக்காந்த மாதிரி நெளியுத' என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். சிரிப்புத்தானே, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட முடிகிறதா? முடியவில்லை. முகம் மாறினால், பிள்ளை பொம்பளைப் பிள்ளை என்று இவளுக்கு மனச்சடவோ என்பார்கள். ஆரம்பித்துவிட்டால் நிற்காது. பேசாமல் தலை சுற்றுகிறது என்று விழுந்துவிடலாமா? விழுந்தால் அதுவும் வலிக்கும். எரிஞ்சு அடங்கும். அம்மா எதற்கு அப்படிச் சொன்னாள்?

தையலில் எங்கே சோப்பு போடச் சொன்னாள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் 'தையல்ல கை படக் கூடாது, சோப்பு படக் கூடாது, மேலோட்டமா தண்ணிய ஊத்து' என்று காவல் காத்தவள் அம்மாதான். அப்படியென்றால் இப்போது சொன்னது தையலுக்கு இல்லை. வேறு எதற்கு? அம்மாவிடம் இவள் மூச்சு விடவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. மொதல்ல எரியும், எரிஞ்சு அடங்கும். கேள்விப்பட்டவள் சொல்கிற மாதிரி இல்லையே அது. நேற்று கூடப் பார்த்த ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரியல்லவா சொன்னாள். செண்பகவல்லி டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் லேசாக ஆடியது. அம்மா உட்கார்ந்து இவள் எப்போது பார்த்திருக்கிறாள்?

உங்கம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ மடக்குறதுக்குக் கடவுள் மூட்டே வைக்கல என்பது அப்பாவின் ஜோக். இவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதே ஜோக்குத்தான். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள், நின்றுகொண்டே. சாப்பிடுவது நின்றுகொண்டு, அடுப்பு மேடையில் தட்டை வைத்து. டிவி பார்ப்பது நிலைக்கட்டையில் சாய்ந்து நின்றுகொண்டு. உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு கையை ஊன்றி, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிற மாதிரி. திருச்செந்தூருக்குப் போன பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், 'வேண்டாம்யா, நீ உக்காரு' என்று அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றே வந்தாள். எவ்வளவு நல்ல மனசு என்று இவள் பெருமைப்பட்டாள். செண்பகத்தின் கல்யாணத்தில் தாரை வார்க்க அப்பா பக்கத்தில் மணையில் உட்காரச் சொன்னார்கள், அம்மா உட்கார்ந்த மாத்திரத்தில் எழுந்துவிட்டாள், முகமெல்லாம் வேர்வை, அடுப்படியில் ஆளில்லை என்று ஏதோ சாக்குச் சொல்லிப் போய்விட்டாள். பொண்ணோட அம்மாவுக்கு என்ன திமிரு என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள். இவளுக்கும் கோபம்தான். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு அம்மாவை மனசுக்குள் திட்டினாள். இன்றைக்கு ஒரு நாளாவது உட்காரக் கூடாதா என்று. அட கடவுளே. அட கடவுளே. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளே இருப்பாள் அம்மா. தண்ணிப் பில்லை நீயா கட்டுற என்று இதே கதவைத் தட்டியிருக்கிறாள் இவள். சேலைக்கு அடியில் மறைத்துக் காயப் போட்டிருக்கும் அந்தப் பழைய வெள்ளைத் துணி. எதற்கம்மா இது என்றால், 'அடுப்புத் துணி, எடுக்காத.' இடுப்பு வலி, இடுப்பு வலி என்பாள். உன்னப் பெத்ததுலேர்ந்து எனக்கு இடுப்பு சரியில்லட்டி என்பாள். இவள் தையல் என்கிறாள், அவள் இடுப்பு என்கிறாள்.

இவளைப் பெற்றதிலிருந்து. அப்படியென்றால் இவள் வயசு அதற்கு. இவள் ஸ்கூல் போய், காலேஜ் போய், நோட்டீஸைப் பார்த்துச் சிரித்து, கல்யாணம் பண்ணி, பிள்ளையும் பெற்றுவிட்டாள், அத்தனை காலமும் அம்மா அந்த எரிச்சலோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல், சோப்பைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, எரிந்து அடங்கி, மறுநாள் மறுபடியும். தண்ணீரும் குடிக்க மாட்டாள், வெளியில் போனால் ஒதுங்க இடம் இருக்காது என்று. அவளுக்கு ரத்தம் வருமா? அந்த வெள்ளைத் துணி. வருமாக இருக்கும். மாடிப்படி ஏறினால் இப்போதெல்லாம் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. வயசாச்சுல்ல என்கிறாள். டாக்டரம்மா எழுந்திருக்கும்போது சொன்னாரே, கதவு வரை வந்து, 'ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, ரத்தம் விடாம வந்தா, இல்ல வயசானவங்களுக்கு வந்தா, மூலம்தானேன்னு வீட்லயே இருந்துரக் கூடாது, வேற எதுவும் இல்லன்னு பாத்துரணும்' என்று. வேற எதுவும். அது என்ன வேற எதுவும்? தண்ணீர் ஆறிக்கொண்டு வந்தது. தனக்கு வந்தபோது பிள்ளையைப் பார்த்து அம்மா இல்லாமல் வளரப் போகிறாயே என்று அழுதாளே, அந்த அழுகை இப்போது திரும்பி இவள் பக்கம் வந்து நின்றது. வேண்டாம். எனக்கு அம்மா வேண்டும். மணை கிடக்கட்டும், வளையல் கிடக்கட்டும், எனக்கு அம்மா வேண்டும்.

அவள் எழுந்தாள். பழைய மெல்லிய நூல்சேலைத் துண்டால் அவசரப்படாமல் ஒத்தி எடுத்தாள், ஒத்தி, ஒத்தி, தேய்க்காமல். லூசான பருத்திப் பாவாடையைக் கட்டிக்கொண்டு சேலையைச் சுற்றினாள். வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம், கதவுகள், 'வாங்க வாங்க' என்கிற அப்பாவின் குரல். காலடிச் சத்தம் ஓடி வந்தது.

"ஏட்டி, வந்துட்டாகட்டி! வெளிய வா!"

"அம்மா."

"என்ன?"

"உனக்கும் இருக்காம்மா?"

கதவில் வளையல் ஒரு தரம் உரசியது. முன்அறையில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மறுபக்கத்தில் அம்மாவும் அப்படித்தான் நிற்கிறாளோ என்னவோ.

"பிள்ள அழுவுது" என்றாள் அம்மா. பிள்ளை அழவே இல்லை.

"அம்மா, எனக்கு இருக்கு. மூலம். டாக்டர்ட்ட காட்டிட்டேன். சோப்பு போட்டா எரியத்தாம்மா செய்யும். அடங்காது."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அம்மாவின் குரல் என்றே சொல்ல முடியாத ஒரு குரல் வந்தது. "பச்சப் பிள்ளைக்காரி, உனக்கு வந்துரக் கூடாதுன்னுதான் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

செண்பகவல்லி டப்புத் தண்ணீரைக் கொட்டினாள். நன்றாகக் கழுவி அலசினாள். அம்மா கொண்டுவந்து வைத்திருந்த வாளி வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவி முழங்கையை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். இப்போது சரி. தாழ்ப்பாளைத் திறந்தாள். அம்மா பட்டுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள், தலையில் பூ, கண்ணெல்லாம் தண்ணீர். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிருக்காட்டி உனக்கு? சம்பந்தகாரங்க வந்து நிக்காக, இப்பப் போயி..."

"அவங்க நிக்கட்டும். நீ நின்னது போதும். ஒண்ணும் செய்ய வேண்டாம், சோப்பத் தொடாத, சும்மா உக்காரு. எந்திரிச்சதும் இந்தத் துணிய வெச்சு ஒத்திக்கோ, தேய்க்காத. நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அப்பாட்ட..."

"அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற வரை நின்றாள். விழுந்தது. அப்புறம் தண்ணீர் மெதுவாக அசைகிற சத்தமும், அம்மாடி என்று ஒரு மூச்சும். அவள் அடுப்படிக்குப் போய்ச் செம்பில் தண்ணீரை மொண்டு அண்ணாந்து மடமடவென்று குடித்தாள், இன்னொரு செம்பும் குடித்தாள், தாடையில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. முன்அறையில் நடுவில் மணை போட்டிருந்தார்கள். மாக்கோலம் போட்டிருந்தார்கள். பிள்ளை அப்பாவின் கையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"வா செண்பகம், உக்காரு, நல்ல நேரம் போகுது" என்றாள் சொர்ணம் மதினி.

"அந்தத் தலகாணிய எடுத்து மணை மேல போடுங்க மதினி."

"மணைல யாராவது தலகாணி போடுவாகளா?"

"எனக்கு மூலம் மதினி. வெறும் பலகைல உக்காந்தா வலிக்கும்."

சொல்லிவிட்டாள். வார்த்தை நடுவீட்டில் போய் விழுந்தது. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், மதினி வாயைத் திறந்து அப்படியே நின்றாள். மாமியார்தான் முதலில் அசைந்தாள். கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்தாள், அழுத்திப் பார்த்தாள், அது போதாதென்று இன்னொன்றையும் எடுத்தாள். "ரெண்டாப் போட்டுக்கோ தாயி. ஒண்ணு அமுங்கிரும்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

செண்பகவல்லி மெல்ல, மெல்ல, இன்னும் மெல்ல உட்கார்ந்தாள். வலித்தது, தாங்க முடிகிற அளவுக்குத்தான். அப்பா பிள்ளையை மடியில் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எங்கட்டி உங்கம்மா? எந்த மூலைல நிக்கா? கூப்பிடு."

"அம்மா உக்காந்திருக்காப்பா" என்றாள். "யாரும் கூப்பிடாதீங்க."